ஏறிக்கொண்டே போன தெரு: ஒரு நலச் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, ஏரிக்குக் கீழ்ப்புறம் 1980-களில் மனை பிரித்து உருவான நகர் இது. ஒரு முதன்மைத் தெரு, இரண்டு குறுக்குத் தெருக்கள், மொத்தம் 64 வீடுகள். முதன்மைத் தெருவில் மட்டும் 41. குடியிருப்போர் நலச் சங்கம், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. பைலாவின்படி வீட்டு உரிமையாளர்கள்தான் உறுப்பினர்கள். பிறகு நடந்ததில் இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குறிப்பு, உயர்ந்துபோன எங்கள் தெருச் சாலையைக் கீழே இறக்க 2022 ஆகஸ்டு முதல் 2024 ஆகஸ்டு வரை நடந்த முயற்சியைப் பற்றியது. அப்போது சங்கத்தின் செயலாளர் நான்தான். அதனால் இது வெளியாள் எழுதிய அறிக்கை இல்லை. இதில் வரும் தவறுகளில் பாதி என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கின்றன.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூழ்காத வீடு இல்லை. அதை யாரும் தெருவின் குறையாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு ராத்திரி மழைக்கே தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது. ஏரி நிரம்பாத ஆண்டுகளிலும் வந்தது. கால்வாயில் பிளாஸ்டிக் அடைப்பு என்று சொல்லிக்கொண்டோம். ஆளுக்கு இருநூறு போட்டு அள்ளவும் செய்தோம். தண்ணீர் நிற்கவில்லை.

பழைய வீடுகளில் ஒன்றைக் கட்டியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "கிரகப்பிரவேசத்துக்கு மூணு படி ஏறிப் போனோம் சார். இப்ப ஒரு படி இறங்கிப் போறேன்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். நாங்கள் அதைப் பெரியவரின் புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

குழியில் தெரிந்தது

2022 ஆகஸ்டில் குடிநீர்க் கசிவைச் சரிசெய்ய தெருமுனையில் குழி தோண்டினார்கள். பக்கத்து வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது அந்தக் குழியை எட்டிப் பார்த்திருக்கிறார். குழியின் பக்கவாட்டில் தார், சல்லி, தார், சல்லி என்று அடை மேல் அடை அடுக்கியதுபோல் வரிவரியாக இருந்தது. பிள்ளையின் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் போதவில்லை, மேலே ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

அவர் அந்தப் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட முடியவில்லை, ஏனென்றால் அவர் குழுவில் இல்லை. வீட்டு உரிமையாளருக்கு அனுப்பி, வெளியூரில் இருந்த அவர் எங்களுக்கு அனுப்பினார்.

புதுச் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே போட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு நாலைந்து சென்டிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் ஒரு அடி. பழைய தார்ப் பரப்பை மெஷினால் சுரண்டி எடுப்பதற்கு மில்லிங் என்று பெயர். அப்படிச் செய்த பிறகே புதிதாகப் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-லேயே அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். செய்தித்தாளில் படித்திருந்தோம். நம் தெருவுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அளந்த விதம்

முதலில் முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100-இல் புகார் கொடுத்தோம். "எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்து புகார் முடிந்தது. புகாரில் 'சாலை உயரமாகிவிட்டது' என்று மட்டும் எழுதியிருந்தோம். எவ்வளவு, எங்கே, எதோடு ஒப்பிட்டால் என்று ஒன்றும் இல்லை. இப்படி எழுதினால் நானாக இருந்தாலும் அந்தப் பதிலைத்தான் தந்திருப்பேன்.

ஆகவே அளப்பது என்று முடிவெடுத்தோம். சர்வேயர் வைக்கப் பணம் இல்லை. குறுக்குத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் கொண்டுவந்தது டியூப் லெவல், அதாவது உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதுதான் அதன் சூட்சுமம். குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். அதனால் முதல் அரைமணி நேரம் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுவதிலேயே போனது.

எதை அடிப்படையாக வைப்பது? வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள், காம்பவுண்டை உயர்த்துகிறார்கள். தெருவில் யாரும் கைவைக்காத ஒரே கட்டுமானம் பிள்ளையார் கோயிலின் கருங்கல் பீடம்தான். அதில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டோம். கோட்டிலிருந்து சாலைப் பரப்பு 38 செ.மீ. கீழே இருந்தது. அந்தக் கோட்டை வைத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போர்டிகோ தளமும் சாலையின் நடுப்பகுதியும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தோம்.

41 வீட்டில் 17 வீட்டின் தளம் சாலையைவிடக் கீழே இருந்தது. அதிகபட்சம் 26 செ.மீ. தலைமையாசிரியர் வீடுதான் அது. மற்ற வீடுகளில் பெரும்பாலானவை பின்னாளில் உயர்த்திக் கட்டியவை. இரண்டு வீடுகளை ஹரியானாவிலிருந்து வந்த குழு ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கியிருந்தது.

இங்கே ஒரு தவறு நடந்தது. சாலை, வாசல் இரண்டை மட்டும் அளந்தோம். மழைநீர்க் கால்வாயை அளக்கவில்லை. அது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எஸ்டிமேட்டில் இல்லாதது

அட்டவணையோடு மாநகராட்சி உதவிப் பொறியாளரைப் பார்த்தோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை ஏற்கெனவே டெண்டரில் இருக்கிறது, மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கும் என்றார். மில்லிங்? "எஸ்டிமேட்ல இல்லாத வேலையை நான் எப்படிச் செய்யச் சொல்ல முடியும்?"

இந்த வாக்கியம் எங்களுக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. வேலை நடக்கிற அன்று ஒப்பந்ததாரரை மறித்து "சுரண்டிட்டுப் போடுங்க" என்பது வீண். மதிப்பீட்டில் இருக்கும் வேலைக்குத்தான் அவருக்குப் பணம் வரும். மெஷின் வாடகை, சுரண்டியதை ஏற்றிப்போக லாரி எல்லாம் செலவு. அவை மதிப்பீடு தயாராகும் மேசையில் முடிவாகின்றன, தெருவில் அல்ல.

செப்டம்பர் கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். சங்கத்தின் பெயரில் போடவில்லை. அந்தச் சட்டம் குடிமக்களுக்குத் தந்த உரிமை என்பதால், சங்கத்தின் பெயரைக் காரணம் காட்டித் திருப்பிவிடக்கூடும் என்று ஒரு வழக்கறிஞர் சொல்லியிருந்தார். என் பெயரில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். மூன்று கேள்விகள்: மதிப்பீட்டின் நகல், முந்தைய வேலையின் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து குறிக்கும் பதிவேடு) நகல், மில்லிங் ஏன் சேர்க்கப்படவில்லை. முதல் இரண்டும் 30 நாளுக்குள் வந்தன. மூன்றாவதற்குப் பதில் இல்லை. கேட்டிருக்கவே கூடாது. இருக்கிற ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் வாங்க முடியும், விளக்கம் வாங்க முடியாது.

நகலைப் படித்ததும் சந்தேகம் தீர்ந்தது. மேடுபள்ளம் நிரவுதல், அதன் மேல் 4 செ.மீ. தார்க்கலவை. சுரண்டுதல் என்ற பேச்சே இல்லை.

பகுதி சபையும் சங்கக் கூட்டமும்

2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் நாளன்று எங்கள் வார்டில் பகுதி சபை கூடியது. நாங்கள் மனுவோடு போயிருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்பே மைக் வாங்கிப் பேசியவர் குழியைப் படமெடுத்த அந்தப் பெண். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பகுதி சபையில் பேசலாம். சொந்த வீடு வேண்டியதில்லை. ஃபோனை உயர்த்திப் பிடித்து, "ஸ்கேலே பத்தலைங்க" என்றார். கூட்டம் சிரித்தது, கவுன்சிலர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, இந்த டெண்டரிலிருந்து தெருவை எடுத்துவிட்டுப் புது மதிப்பீடு போடச் சொல்லலாம், ஆனால் சங்கம் தீர்மானமாக எழுதித் தர வேண்டும் என்றார். "இப்ப விட்டா அடுத்த வருஷம் கண்டிப்பா ஃபண்டு வரும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. போட்டதைப் போடட்டும் என்று விடலாம். நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்குக் காசும் காலமும் இல்லை, தடை கிடைத்தாலும் குழிவிழுந்த தெருவோடுதான் காத்திருக்க வேண்டும். அல்லது கவுன்சிலர் சொன்னபடி வந்த சாலையை நாமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நல்லபடியாகக் கேட்கலாம்.

நவம்பர் நடுவில் பொதுக்குழு. வந்தவர்கள் 38 பேர். ஏற்கெனவே உயர்த்திக் கட்டியவர்களுக்கு மில்லிங்கால் லாபம் ஒன்றுமில்லை, குழியில்லாத சாலை உடனே வேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டும் ஒரு உறுப்பினர், "ரோடு வேணாம்னு எழுதிக் குடுக்கிற சங்கத்தை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு கையெடுப்பு: ஆதரவு 21, எதிர்ப்பு 13, நாலு பேர் கைதூக்கவில்லை.

தாழ்ந்த 17 வீடுகளில் 11-இல் தரைத்தளத்தில் இருந்தவர்கள் வாடகைக்காரர்கள். தண்ணீர் ஏறினால் பீரோவைத் தூக்கி வைப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கையெடுக்க உரிமை இல்லை. அன்று மண்டபத்தில் நாற்காலி போட்டவர்களில் இரண்டு பையன்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

வேலை நடந்த நாட்கள்

மறுமதிப்பீடு ஜனவரியில், டெண்டர் பிப்ரவரியில், 2023 ஏப்ரல் கடைசி வாரத்தில் மில்லிங். எங்கள் கணக்குப்படி முப்பது சென்டிமீட்டரையும் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய அடுக்குகள்தான் இப்போது சாலைக்கு அடித்தளம். அத்தனையையும் எடுத்தால் அது மில்லிங் இல்லை, சாலையைப் புதிதாகக் கட்டுவது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடைத் தொட்டி எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டிவரும். சோதனைக் குழி போட்டுப் பார்த்து, 9 செ.மீ. சுரண்டி 4 செ.மீ. போடலாம் என்றார். அவர் சொன்னது சரியென்று இப்போது தெரிகிறது. அன்று எங்களில் சிலர் அவர் காசு மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் பேசினோம்.

ராத்திரி பத்து மணிக்கு மெஷின் வந்தது. உருளையில் பற்கள், முன்னால் கன்வேயர், அதற்கு முன்னால் லாரி. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு இரண்டு மணிவரை உட்கார்ந்து பார்த்தார்.

அந்த இரவில் இரண்டு வீடுகளின் தண்ணீர் இணைப்பு அறுந்தது. சாலை உயர்ந்த பிறகு கொடுத்த இணைப்புகள் என்பதால், குழாய்கள் அந்தத் தார் அடுக்குகளுக்கு நடுவிலேயே ஓடியிருக்கின்றன. சரியாக மூன்று நாள் ஆனது. குறுக்குத் தெருக்களில் பெரிய மெஷின் திரும்ப முடியவில்லை. சின்ன மெஷினால் 4 எடுத்து 4 போட்டார்கள், மட்டம் இருந்தபடியே இருந்தது. எங்களுக்கு ஓட்டுப் போட்ட குறுக்குத் தெருக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பெரிய வருத்தம் வேறு. சுரண்டிய பிறகு 19 நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்ததாரர் வேறு வேலையில் இருந்தார். வரிவரியாகக் கீறிய பரப்பு, தூள், ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் சாக்கடை மூடிகள். பதின்மூன்றாம் நாள் ஒரு அம்மா ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் மகன் சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "கேட்டு வாங்கினது நீங்கதானே?" சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்றது. அது சரிதானா என்பதில் குழுவுக்குள் இன்னும் இரண்டு கருத்து உண்டு. எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் வைக்கச் சொல்லி முதல் நாளே எழுதிக் கேட்டிருக்கலாம் என்பதில் எனக்கு ஒரே கருத்துதான்.

மே நடுவில் தார் போட்டார்கள். ரோலர் ஏறுமுன் ஒருவர் இரும்பு ஸ்கேலைக் குத்தி, ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறது என்று மகிழ்ந்து வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். ரோலர் போன பிறகு நாலுதான். கோயில் கோட்டிலிருந்து அளந்தோம்: 43.

மழைக்குப் பிறகு

2023 நவம்பரில் ஓர் இரவு நல்ல மழை. வழக்கமாக அந்த அளவு மழைக்குத் தண்ணீர் ஏறும் 12 வீட்டில் நாலு வீட்டில்தான் ஏறியது. ஐந்து சென்டிமீட்டர் இவ்வளவு செய்யுமா என்று எங்களுக்கே வியப்பு. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. ஏரி உபரிநீரும் சேர்ந்துகொள்ள, 17 வீட்டிலும் தண்ணீர். அப்படிப்பட்ட மழைக்கு ஐந்து சென்டிமீட்டர் ஒரு கணக்கே இல்லை. முன்பே அதைச் சொல்லியிருந்தால் சில பேர் அப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

எதிர்பாராதது அதன் பிறகு நடந்தது. தெருவின் நடுப்பகுதி வடிந்து, வடக்கு முனையில் மட்டும் கணுக்கால் அளவுக்குக் கீழே ஒரு படலம் நாலு நாள் நின்றது. கொசு. போய்க் குனிந்து பார்த்தபோது விளங்கியது. கால்வாய்ச் சுவரில் தெருநீரை உள்வாங்கும் துளைகள் பழைய சாலை மட்டத்துக்கு வைத்தவை. சாலையை நாம் இறக்கிவிட்டோம், துளைகள் அப்படியே மேலே நிற்கின்றன. கடைசி ஐந்து சென்டிமீட்டர் தண்ணீருக்குப் போக வழியில்லை. ஒரு கல்லூரி மாணவன் துளையில் விரலை விட்டு, "அங்கிள், ஓட்டை தண்ணிக்கு மேல இருக்கு" என்றான்.

மாநகராட்சி ஆட்கள் 2024 ஜனவரியில் வந்து துளைகளைக் கீழே வரை கொத்திவிட்டார்கள். மொத்தம் 26 துளைகள். பதினைந்தைத்தான் கொத்த முடிந்தது. மீதி 11, வீட்டு வாசல் சாய்தளங்களுக்குப் பின்னால் புதைந்திருந்தன.

சாய்தளங்கள்

வீட்டை உயர்த்திக் கட்டியவர்கள் கார் ஏற்ற சிமென்ட் சாய்தளம் போட்டு, அதைக் கால்வாய்க்கு மேலேயும் தெருவுக்குள்ளேயும் இழுத்திருந்தார்கள். தெரு பொதுச் சொத்து, அதில் கட்டக்கூடாது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் மாநகராட்சியைக் கேள்வி கேட்டபோது சங்கம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த 21 கைகள் உயர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அந்தப் பதினொன்றில் மிக நீளமானது சங்கத் தலைவர் வீட்டுடையது. அதற்குக் காரணமும் உண்டு. அவர் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். மூன்று மாதம் குழுக் கூட்டத்தில் இந்தப் பொருள் அஜெண்டாவில் ஏறி ஏறி இறங்கியது. ஏப்ரலில்தான் 11 வீட்டுக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் போனது. அதில் இடிக்கச் சொல்லவில்லை. தெருப்பக்கம் நீளும் பகுதியை வெட்டிவிட்டு, கழற்றி எடுக்கக்கூடிய செக்கர் பிளேட் (வழுக்காத வரிபோட்ட இரும்புத் தகடு) வைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியின் வரைபடத்தோடு அனுப்பினோம். ஏழு பேர் இரண்டு மாதத்துக்குள் செய்தார்கள். தலைவர், சக்கர நாற்காலி ஏறும்படி சரிவு குறைந்த மடக்கு இரும்புத் தளம் செய்வித்து ஜூலையில் மாற்றினார். மூன்று பேர் இன்னும் செய்யவில்லை. அவர்கள்மேல் மாநகராட்சியில் புகார் கொடுப்பதா என்று குழு முடிவெடுக்கவில்லை.

மறுபடி செய்வதானால்

சாலையை அளக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையில் கால்வாய்த் துளை, சாக்கடை மூடி, வீட்டுத் தண்ணீர்க் குழாயின் ஆழம், சாய்தளம் நான்கையும் அளந்து ஒரே தாளில் எழுதுவேன். துளையை அப்போதே அளந்திருந்தால், கொத்தும் வேலையையும் மறுமதிப்பீட்டிலேயே சேர்த்திருக்கலாம். சாய்தளம் பற்றிய கடிதத்தை மாநகராட்சிக்கு மனு கொடுக்குமுன் அனுப்புவேன். அதனால் கொஞ்சம் ஓட்டுப் போனாலும் போகட்டும்.

டெண்டர் வந்த பிறகு ஓடாமல், மதிப்பீடு தயாராகும் முன்பே அட்டவணையைக் கொடுத்துவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சுரண்டும் நாளுக்கும் தார் போடும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கிடைக்குமா என்பது சந்தேகம்தான். கேட்டதற்கு ஒரு தாளாவது இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களையும் தெரு சார்ந்த விஷயங்களில் ஓட்டுரிமையோடு சேர்க்க, 2024 ஜூன் பொதுக்குழுவில் பைலா திருத்தம் கொண்டுவந்தேன். சிறப்புத் தீர்மானத்துக்கு வேண்டிய பெரும்பான்மை கிடைக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கும் கொடுத்திருக்கிறேன். இடையில் அந்தப் பெண் வீடு மாறிப் போய்விட்டார். அந்தத் தரைத்தளத்தில் இப்போது வேறொரு குடும்பம்.

ஆகஸ்டில் குடிநீர்க் குழாய்க்காகக் கோயில் எதிரே தெருவை வெட்டி மூடினார்கள். மூடிய இடம் மேடாக நிற்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கோட்டிலிருந்து மறுபடி அளந்தோம். அந்த இடத்தில் 40. அட்டவணையில் தேதியோடு எழுதி உதவிப் பொறியாளருக்குக் கொடுத்திருக்கிறோம்.